பதினோராம் பக்கத்தில் இருப்பது என் சம்பவம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்தபோது இருந்தீர்கள். இங்கே உன் அண்ணி நலம். நானும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் பொய் எழுதி ஆரம்பிக்க வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். கோபமாக இருக்கிறேன். கோபம் வந்தால் எனக்கு வாய் ஒத்துழைக்காது என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் கடிதம். எழுதும்போதும் தடம் மாறிவிடக் கூடாது என்பதற்காக, சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. உன் எழுபதாவது பிறந்த நாளுக்காக உன் மகள் அச்சடிக்கும் புத்தகத்தில், பதினோராம் பக்கத்தில் உள்ள சம்பவம் உன்னுடையதல்ல. என்னுடையது.
2. என் நினைவு உன் நினைவைவிட நல்ல நிலையில் இருக்கிறது.
3. தண்ணீர்த் தொட்டிக் காவலாளியிடம் நான் பட்ட அவமானத்துக்கு நீயே பொறுப்பு.
4. உன் அக்காவை, அதாவது என் தங்கையை, இது விஷயமாக விசாரிக்கத் தேவையில்லை.
5. நீ செய்ய வேண்டியது என்ன.

(இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறியிருக்க வேண்டுமோ என்று இப்போது ஒரு சந்தேகம். இருக்கட்டும்.)

முதலாவது. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எல்லோர் தட்டிலும் சோறு விழுந்த பிறகு, உன் மகள் அச்சகத்திலிருந்து வந்த திருத்தப் படியை எடுத்து வைத்துக்கொண்டு ‘அப்பாவின் முதல் மீட்பு’ என்று ஒரு பக்கத்தை வாசித்தாள். உனக்கு எட்டு வயது இருக்கும்போது நம் தெருக்கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில், பட்டம் எடுக்கப் போய் மாட்டிக்கொண்ட உன் அக்காவை, நீ ஒற்றை ஆளாக ஏறி இறக்கிக் கொண்டுவந்தாயாம். தீயணைப்புத் துறை அன்றைக்கே உன் நெற்றியில் எழுதப்பட்டுவிட்டதாம். எல்லோரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய். தன் வீரத்துக்குத் தானே கை தட்டிக்கொள்ளும் மனிதனை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன். மறுப்புச் சொல்வதற்காக நான் கையை உயர்த்தினேன். உன் மருமகன் எனக்கு ஒரு கரண்டி சோறு வைத்தார். அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு மறுபடி உயர்த்தினேன். மறுபடி வைத்தார். மூன்றாவது முறை உயர்த்தியபோது உன் மனைவி, “பெரியவருக்கு இன்னைக்கு நல்ல பசி போல” என்று சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் அதையும் சாப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் வயிறு கல் மாதிரி கிடந்தது. கடைசியில் கை கழுவப் போகும் வழியில்தான், “அது நான்” என்று சொல்ல முடிந்தது. நீ என்ன சொன்னாய் என்பதை அப்படியே எழுதுகிறேன், மறுக்க முடியாது:

“எது நீ? தொட்டியில ஏறினதா? அண்ணா, நாற்காலி மேல ஏறி ஒரு பல்பு மாட்டவே பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுவியே, நீயா?”

எல்லோரும் சிரித்தார்கள். உன் மருமகன் வாயில் சோற்றோடு சிரித்தார். உன் அண்ணியும் சிரித்தாள். அதை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

தம்பி, நடந்தது இதுதான். எனக்குப் பன்னிரண்டு வயது, உன் அக்காவுக்குப் பதினொன்று, உனக்கு எட்டு. எட்டு வயதுப் பொடியன் பதினோரு வயதுப் பெண்ணை ஏணியிலிருந்து இறக்குவது எப்படி என்று உன் துறையில் உன்னோடு வேலை பார்த்தவர்களையே கேட்டுப் பார். ஏறியவன் நான். துரு என் உள்ளங்கையில் ஒட்டியது எனக்குத் தெரியும். தொட்டியின் அடியிலிருந்து சொட்டிய தண்ணீர் என் பிடரியில் விழுந்தது எனக்குத் தெரியும். “கீழ பாக்காதே, என் கையை மட்டும் பாரு” என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்கியது எனக்குத் தெரியும்.

உனக்கு எத்தனை இருக்கிறது, சொல். பஞ்சாலைத் தீ, கிணற்றில் விழுந்த தையல்காரர், மூன்றாவது மாடியில் கதவு பூட்டிக்கொண்ட பல் மருத்துவர், பதக்கம் இரண்டு, பதக்கம் கொடுக்கும் படம் நான்கு. எண்பத்தாறு பக்கம் நிரம்பி வழிகிறது. எனக்கு இருப்பது இது ஒன்று. ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களை முப்பத்தாறு வருஷம் காத்தவன் நான். குடை காத்தவனுக்கு யாரும் புத்தகம் போடமாட்டார்கள், நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் நிலைய அதிகாரி என்னைக் கூப்பிட்டு, நான் செய்யாத தப்புக்குக் கத்தும்போதெல்லாம் “சரி சார், சரி சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, அலமாரிகளுக்கு நடுவில் நின்று, ‘நான் பன்னிரண்டு வயசுலயே தொட்டி ஏறினவன்டா’ என்று மனசுக்குள் ஒரு தரம் சொல்லிக்கொள்வேன். அதை வைத்துத்தான் முப்பத்தாறு வருஷத்தை ஓட்டினேன். அதை நீ பதினோராம் பக்கத்தில் போட்டுவிட்டால் நான் எதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

இரண்டாவது. நினைவு வேலை செய்வதும் என் பழைய அலுவலகம் வேலை செய்வதும் ஒன்றுதான். பொருளை வாங்கி வைக்க வேண்டும், கெடாமல் காக்க வேண்டும், கேட்கும்போது எடுத்துக் கொடுக்க வேண்டும். மூன்றில் எது சறுக்கினாலும் வந்தவர் வெறுங்கையோடு போவார், அல்லது அடுத்தவர் பொருளோடு போவார். அடுத்தவர் பொருளோடு போவதுதான் அதிகம். ஒருவர் வந்து, தன் குடை கறுப்பு, வளைந்த மரக் கைப்பிடி, மனைவி வாங்கிக் கொடுத்தது என்று கண் கலங்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். மறுநாள் அவர் மனைவி அவருடைய சொந்தக் குடையோடு வந்தார், அது பச்சை. வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை, தம்பி. அவர் கண்ணீர் உண்மை. குடைதான் வேறொருவருடையது. அன்றிலிருந்து நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: வெளியே தெரிவதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம்; உள்ளே இருப்பதில் ஒன்றைச் சொல்பவருக்குத்தான் பொருள். பெட்டி பழுப்பு நிறம் என்பது எனக்கு வேண்டாம். பெட்டிக்குள் ஓரத்தில் பாதி எழுதிய கடிதம் இருக்கிறது என்று சொன்னால் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம்.

இதையெல்லாம் நான் அனுபவத்தில் மட்டும் சொல்லவில்லை. நூலகத்திலிருந்து நினைவாற்றலைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்துவந்து இரண்டு தரம் படித்தேன். (தலைப்பு இப்போது சட்டென்று வரவில்லை. பச்சை அட்டை. அல்லது நீலம்.) அதில் சொல்கிறார்கள்: நாம் ஒரு நினைவை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைப்பதில்லையாம். எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் புதிதாகச் செய்துகொண்டு, புதிதாகச் செய்ததைத்தான் திரும்ப வைக்கிறோமாம். ஆகவே, அதிகம் சொல்லப்பட்ட கதைதான் அதிகம் மாறியிருக்கும். நீ இந்தச் சம்பவத்தை உன் அலுவலகத்தில், கல்யாணங்களில், முடி வெட்டும் இடத்தில், எங்கெல்லாமோ சொல்லிச் சொல்லித் தேய்த்துப் புதுப் பூச்சுப் பூசி வைத்திருக்கிறாய். நானோ அறுபத்திரண்டு வருஷமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. என்னுடையது வைத்தது வைத்தபடி இருக்கிறது. இந்த வாதத்தை உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லையா? மாசம் ஒரு தடவை என்கிட்ட சொல்லுவீங்க. அதிகாரி திட்டின அன்னைக்கு ரெண்டு தடவை.”

“நீ வீட்டு ஆள். அது சொன்னதாகாது.”

“கல்யாணமான புதுசுல இருபது படின்னு சொன்னீங்க. பையன் பொறந்தப்போ முப்பதாச்சு. இப்போ முப்பத்தெட்டு. இன்னும் ரெண்டு வருஷம் போனா தொட்டி மேகத்துக்குள்ள போயிடும்.”

இதற்குப் புத்தகத்தில் பதில் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை.

ஆனாலும் நியாயமாக நடக்க வேண்டும் என்று, என் விதிப்படி திங்கட்கிழமை உனக்குத் தொலைபேசி செய்து, “இறக்கும்போது என்ன சொல்லி இறக்கினே?” என்று கேட்டேன். அதற்கு முன்பே என் பதிலை ஒரு தாளில் எழுதி, மடித்து, உறையில் போட்டு, உன் அண்ணி கையில் கொடுத்திருந்தேன். நீ கொஞ்சமும் தயங்காமல், “கீழ பாக்காதே, என் கையை மட்டும் பாரு” என்றாய். உன் அண்ணி உறையைப் பிரித்தாள். வார்த்தைக்கு வார்த்தை அதுவே. சம்பவத்தை எடுத்துக்கொண்டது போதாது என்று என் வாயில் இருந்த வாக்கியத்தையுமா எடுத்துக்கொள்வாய்? நீ கீழே நின்று அதைக் கேட்டிருக்கிறாய். கேட்டதை நாளடைவில் சொன்னதாக ஆக்கிக்கொண்டுவிட்டாய். இப்படி நடப்பது சகஜம், இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது என்று அந்தப் புத்தகம் பெருந்தன்மையோடு சொல்கிறது. எனக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை.

மூன்றாவது. நேரில் பார்த்தே தீர்த்துவிடலாம் என்று புதன்கிழமை காலை பேருந்து ஏறி அந்தத் தொட்டிக்கே போனேன். தொட்டி இருக்கிறது. அதே ஏணி. கீழே ஒரு கம்பி வேலி போட்டு, ஒரு அறை கட்டி, ஒரு காவலாளியை வைத்திருக்கிறார்கள். நான் வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் ஏணியின் முதல் படியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தேன். அவர் ஓடி வந்தார்.

“பெரியவரே, எங்க போறீங்க?”

“மேல.”

“மேல என்ன வேலை?”

“ஒரு விஷயத்தை இன்னைக்கு முடிவு பண்ணியாகணும்.”

அவர் முகம் மாறிவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “முதல்ல இப்படி உக்காருங்க. எந்தக் கஷ்டமா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். வீட்ல யாரு என்ன சொன்னாங்க?”

“தம்பி” என்றேன். உண்மையைத்தானே சொல்ல முடியும்?

“சொத்துத் தகராறா?”

“சொத்து இல்லப்பா. ஞாபகம்.”

“ஞாபகம் போயிடுச்சா?”

“போகல. என் தம்பி எடுத்துக்கிட்டான்.”

அதற்குப் பிறகு அவர் என் கையை விடவே இல்லை. தன் தேநீரில் பாதியை எனக்குக் கொடுத்தார். தன் மாமனாரும் இப்படித்தான் ஆரம்பித்தார் என்று ஆறுதல் சொன்னார். வீட்டுத் தொலைபேசி எண் கேட்டார். ஒரு இலக்கம் பிசகாமல் சொன்னேன், அதிலிருந்தாவது அவருக்குப் புரிந்திருக்க வேண்டாமா? பேச்சோடு பேச்சாக, “இதுல முப்பத்தெட்டுப் படிதானே?” என்று கேட்டேன். “இருபத்தாறு. தினமும் ஏறுறேன், எனக்குத் தெரியாதா? கட்டின நாள்லேருந்து இதே ஏணிதான்” என்றார். மீதிப் பன்னிரண்டு படிகளைக் குடிநீர் வாரியம் என்ன செய்தது என்று எனக்கு விளங்கவில்லை. உன் அண்ணி வந்து சேர முக்கால் மணி நேரமானது. அவளைத் தனியாக அழைத்து, “அம்மா, இவரைத் தனியா எங்கயும் விடாதீங்க” என்று காவலாளி சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. திரும்பி வரும் பேருந்தில், நாலாவது நிறுத்தத்தில் அவள், “ஏங்க, அந்த ஆள் பிடிக்காம விட்டிருந்தா எத்தனை படி ஏறியிருப்பீங்க?” என்று கேட்டாள். “நிலைமையைப் பொறுத்தது” என்றேன். சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எழுபத்து நாலு வயதில், பொது இடத்தில், ஒரு அந்நியர் என்னைக் கையைப் பிடித்து உட்கார வைக்கும் நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்தது யார்? உன் பதினோராம் பக்கம்.

நான்காவது. சம்பந்தப்பட்டவளையே கேட்டுவிட்டால் என்ன என்று நீ சொல்வாய். உன் அண்ணியும் சொன்னாள், ஒரு தரம் அல்ல, நாலு தரம். நான் ஒப்பவில்லை. குடை யாருடையது என்று நான் ஒருநாளும் குடையைக் கேட்டதில்லை. அவள் அன்று பயந்து, கண்ணை மூடிக்கொண்டு, அழுதுகொண்டு இருந்தவள். யார் கை, யார் குரல் என்று அவளுக்கு என்ன தெரியப்போகிறது? பாவம், அவளை இப்போது தொந்தரவு செய்து, அந்தப் பயத்தை மறுபடி கிளறிவிடுவது அண்ணன் செய்கிற காரியமில்லை. (அவள் ஒருவேளை உன் பெயரைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணமும் எனக்கு வந்தது. மறைக்கவில்லை.)

ஐந்தாவது. உன் மகளிடம் சொல்லி அச்சை நிறுத்து. வெள்ளிக்கிழமை எந்திரத்தில் ஏறுகிறது என்றாள். ஏறிவிட்டால் பிறகு அதுதான் நடந்தது. அச்சாகும் நூறு பிரதியும் நூறு வீட்டு அலமாரியில் உட்கார்ந்துகொண்டு, ஏறியது நான் இல்லை நான் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும். பதினோராம் பக்கத்தை எடுத்துவிடு, அல்லது அதில் என்னைப் போடு. இரண்டில் ஒன்று. உனக்கு மீதி எண்பத்தைந்து பக்கம் இருக்கிறது. நான் உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எப்போது என்று எழுது, திருத்திக்கொள்கிறேன்.

உன் மனைவிக்கும் மகளுக்கும் என் ஆசிகள். உன் மருமகனுக்கும் ஆசிகள், கரண்டியைக் கொஞ்சம் நிதானமாகப் பிடிக்கச் சொல். உனக்கும் என் ஆசி உண்டு. பதினோராம் பக்கம் சரியாகும் வரை அது இங்கேயே பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் உன் அண்ணி தொலைபேசியை என் கையில் திணித்தாள். உன் அக்கா பேசினாள். நான் எதையும் கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன், அவளாகவே ஆரம்பித்தாள்.

“அண்ணா, நான் எதுக்கு அந்தத் தொட்டியில ஏறப் போறேன்? பட்டம் அவனோடது. ஏறினதும் அவன், மேல போய்க் கீழ பாத்துட்டு ஓன்னு அழுததும் அவன். நீ அவனை இறக்கறேன்னு ஏறினே. பாதியில நின்னே. அப்புறம் கம்பியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நீயும் அழுதே. உன்னைச் சுத்திக்கிட்டு நான் எப்படி மேல போனேன்னு எனக்கும் அந்த ஏணிக்கும்தான் தெரியும். முதல்ல அவனை இறக்கினேன். அப்புறம் வந்து உன்னை இறக்கினேன். ‘கீழ பாக்காதே, என் கையை மட்டும் பாரு’ன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு.”

நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் விதியைச் சொன்னேன். உள்ளே இருப்பதில் ஒன்றைச் சொல் என்றேன்.

“கீழ வந்ததும் நீ முதல்ல கேட்டது, ‘என் இடது செருப்பு எங்க?’ன்னு. அது சாக்கடையில கிடந்துச்சு. வீட்ல மழையில தொலைஞ்சு போச்சுன்னு சொல்லச் சொல்லி என் தலையில சத்தியம் வாங்கினே.”

தம்பி, அந்தச் செருப்பைப் பற்றி நான் உன் அண்ணியிடம்கூடச் சொன்னதில்லை. நானே அதை மழையில் தொலைத்ததாகத்தான் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “யாரு கேட்டா? அவன் ஊரெல்லாம் என்னைக் காப்பாத்தினான், நீ அண்ணிகிட்ட மாசம் ஒரு தடவை காப்பாத்தினே. ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தீங்க. அன்னைக்கு அப்பா பொம்பளப் பிள்ளைக்கு ஏணியில என்ன வேலைன்னு என்னைத்தான் போட்டு அடிச்சார். அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேச எனக்கென்ன இருக்கு?” என்றாள். பிறகு மூட்டுவலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கேட்டாள்.

ஆகவே அந்தப் பக்கத்தை எடுக்க வேண்டாம். அவள் பெயரில் திருத்தச் சொல். தீயணைப்பு அதிகாரி ஏணியில் அழுததை எப்படிப் போடுவது என்பது உனக்கும் உன் மகளுக்கும் உள்ள விஷயம். கீழே ஒரே ஒரு வரி மட்டும் எனக்காகச் சேர்க்கச் சொல்: ‘தம்பி மாட்டிக்கொண்டதைப் பார்த்து அண்ணன் பதிமூன்றாம் படி வரை ஏறினான்.’ பதிமூன்றோ பதினாலோ என்றுதான் அவள் சொன்னாள். பதினாலு என்றே போடச் சொல்லலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். வேண்டாம், பதிமூன்று. கீழே நின்று பார்த்தால் அதுவும் உயரம்தான்.

உனக்காக இங்கே வைத்திருந்த ஆசியையும் இத்துடன் அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தை முதலிலிருந்து மறுபடி எழுதினால் வெள்ளிக்கிழமைக்குள் உனக்கு வந்து சேராது, ஆகவே அடித்தல் திருத்தல் இல்லாமல் அப்படியே அனுப்புகிறேன். படிக்கும்போது ஒன்றை மட்டும் திருத்திப் படித்துக்கொள். நான்காவதாக, உன் அக்காவை விசாரிக்கத் தேவையில்லை என்று நான் எழுதியிருப்பது தவறு.